நரையும் திரையும் வயதைச் சொல்லுமா?

முதுமையின் அடையாளங்களை நம் முன்னோர் நரை, திரை என்று இரண்டு சொற்களில் அடக்கிவிட்டனர். நரை மயிரில் தோன்றுவது; திரை தோலில் விழுவது. இவ்விரண்டையும் ஒருவரிடம் கண்டால் ‘பெரியவர்’ என்று எழுந்து இடம் கொடுக்கிறோம். ரயில் வண்டியில் இடம் கொடுப்பதற்கு இந்த அளவுகோல் போதும். ஆனால் ஓர் அலுவலகப் பதிவேட்டில் ஒருவருடைய வயதை எழுதுவதற்கு இது போதுமா? இம்மாதம் இப்பகுதியில் அதைச் சற்று ஆராய்வோம்.

ஆனேக்கல் வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்கு இது பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கல் உடைக்கவும், கட்டட வேலைக்கும், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைகளுக்கும் வந்து குடியேறிய குடும்பங்களில், மூத்தோர் பலருக்குப் பிறப்புச் சான்று இல்லை. ‘காமராசர் முதன்மந்திரியாக இருந்தபோது பிறந்தேன்’ என்பார்கள். காமராசரோ 1954 முதல் 1963 வரை அப்பதவியில் இருந்தார். இந்த ஒன்பது ஆண்டுகளுள் எது என்று யார் சொல்வது? ஆதார் அட்டை எடுக்கச் சென்றபோது வயதை மட்டும் வாயால் சொன்னவர்களுக்கு, அந்த வயதைக் கழித்துக் கண்ட ஆண்டின் ஜனவரி 1 பிறந்த நாளாக எழுதப்பட்டது. ஆகவே, ஒரே வரிசை வீடுகளில் நாலைந்து முதியவர்கள் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்களாக இருப்பதைக் காணலாம். மத்திய அரசின் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயதும், கர்நாடக அரசின் சந்தியா சுரட்சா உதவித்தொகைக்கு 65 வயதும் நிறைந்திருக்க வேண்டும். எழுதப்பட்ட ஆண்டு ஐந்தாறு முன்பின் ஆனால், தள்ளாத வயதில் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க நேரும்.

அடியேன் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன், பதிவேடுகளோடு பழகுகிறவன். ஆதலால் ரயில்வேயின் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஊழியர் விதித்தொகுப்பின் முதல் தொகுதியில் 225-ஆம் விதி இதைப் பற்றியது. வேலையில் சேருகிறவருக்குப் பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால், அவ்வாண்டின் ஜூலை 1 பிறந்த தேதியாகக் கொள்ளப்படும். ஆண்டும் மாதமும் தெரிந்து நாள் தெரியாவிட்டால், அம்மாதத்தின் 16-ஆம் தேதி. ஆண்டும் அறியாமல் ‘எனக்கு வயது 18’ என்று மட்டும் சொல்வாரானால், சொன்ன அன்றே 18 நிறைந்ததாகக் கணக்கு. அதையும் சொல்லத் தெரியாதவரை ரயில்வே மருத்துவ அதிகாரி பார்த்து வயதை மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டதை அவருக்கே அறிவித்து, அவருடைய இசைவையும் பதிந்துகொள்ள வேண்டும். அன்று எழுதிய தேதிதான் ஓய்வு பெறும் நாளையும் தீர்மானிக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜூலை 2-ஆம் தேதி பிறந்தவர் 60 வயது நிறையும் ஆண்டில் ஜூலை 31 வரை சம்பளம் வாங்குவார். ஜூலை 1-ஆம் தேதி பிறந்தவரோ ஜூன் 30-ஆம் தேதியே விடைபெற வேண்டும். ஒரு நாள் மூப்புக்கு ஒரு மாதச் சம்பளம் விலை!

சரி, அந்த மருத்துவர் எதைப் பார்த்து மதிப்பிடுவார்? இளைஞராயின் பல்லையும் எலும்பையும் பார்க்கலாம். நடுவயதைத் தாண்டியவரிடம் அவையும் அவ்வளவு துணைசெய்வதில்லை. அப்போது கண் தானாகவே தோலுக்கும் தலைமயிருக்கும் போகிறது.

முதலில் தோலை எடுத்துக்கொள்வோம். மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோலில் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் பாய்போல் பின்னிக் கிடக்கிறது. அது தோலுக்கு உறுதி தருகிறது. எலாஸ்டின் என்னும் மற்றொரு நார், இழுத்துவிட்டால் திரும்பும் தன்மையைத் தருகிறது. வயது வந்த பிறகு கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகிறது என்று மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். பாய் நைந்தால் அதன்மேல் விரித்த துணி சுருங்குகிறது, அதுவே திரை.

இதை அளக்க மருத்துவர்கள் கையாளும் வழிகள் பல. புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, அது மறுபடி படிய எத்தனை வினாடி ஆகிறதென்று எண்ணுவது எல்லார்க்கும் தெரிந்த வழி. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தையின் தோலும் மெதுவாகவே படியும் ஆதலால், இதை மட்டும் நம்பி முதுமை என்று சொல்லிவிட முடியாது. சிறு குழாயால் தோலை உறிஞ்சித் தூக்கி, எவ்வளவு எழும்பியது, எவ்வளவு திரும்பியது என்று காட்டும் கருவி உண்டு. பல் மருத்துவர் பல்லுக்கு அச்சு எடுப்பதுபோல் சிலிக்கோன் பசையால் தோலின் மேல் அச்சு எடுத்து, சுருக்கங்களின் ஆழத்தை அளப்பதும் உண்டு. இவற்றைவிட எளியது அமெரிக்கத் தோல் மருத்துவர் குளோகோ வகுத்த நான்கு படி அளவுகோல். முதற்படியில் சுருக்கமே இல்லை. இரண்டாம் படியில் சிரித்தாலும் பேசினாலும் மட்டும் சுருக்கம் தெரியும். மூன்றாம் படியில் முகம் சும்மா இருக்கும்போதும் தெரியும். நான்காம் படியில் முகம் முழுவதும் சுருக்கந்தான். இப்படிகளுக்கு இன்ன வயது முதல் இன்ன வயது வரை என்று ஒரு கணக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த அளவுகோல்கள் அளப்பது எதை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. 69 வயதுள்ள ஒரு சரக்கு வண்டி ஓட்டுநரின் முகம் அது. 28 ஆண்டுகள் அவர் வண்டி ஓட்டியவர். அந்நாட்டில் ஓட்டுநர் அமர்வது இடப்பக்கம். ஆதலால் சன்னல் வழியாக வெயில் விழுந்ததும் இடக் கன்னத்தில். படத்தில் அவருடைய வலக் கன்னம் வயதுக்கேற்ற கன்னமாகவே இருக்கிறது. இடக் கன்னமோ தடித்து, வரப்பு வெட்டினாற்போல் ஆழ்ந்த சுருக்கங்கள் விழுந்து, அவருடைய தமையனாரின் முகத்திலிருந்து எடுத்து ஒட்டியதுபோல் காண்கிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களில் ஒரு வகையைக் கண்ணாடி தடுத்துவிடும். மற்றொரு வகை கண்ணாடியையும் ஊடுருவி உள்தோல்வரை சென்று நார்களை அறுக்கும். ஒரே மனிதர், ஒரே பிறந்த நாள். முகத்தின் இரண்டு பாதிகளுக்கும் இரண்டு வயது! எந்தப் பாதியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது?

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கல்லுடைக்கும் வேலையில் இருபது ஆண்டு கழித்த நம் பெண்மணி ஒருவருடைய புறங்கையையும், அவருடைய மேற்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புறங்கை வெயில் பட்டது. உட்புறம் முந்தானை மறைவில் இருந்தது. இரண்டும் ஒருவருடைய தோல்தானா என்று ஐயம் தோன்றும். ஊரில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிய அவருடைய தமக்கை இளையவராகவும், வெயிலில் நின்ற தங்கை மூத்தவராகவும் தோன்றுவார்கள். தோலைப் பார்த்து வயது எழுதினால் வரிசை தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோகோவின் படிகள் வெள்ளைத் தோலை வைத்து வகுக்கப்பட்டவை. நம் தோலில் மெலனின் என்னும் கருநிறப்பொருள் மிகுதி. அது ஒரு குடைபோல் கதிர்களை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. ஆகவே கறுத்த தோலில் சுருக்கம் பிந்தி விழுகிறது. அதற்கு முன்னரே நிறம் திட்டுத்திட்டாக மாறத் தொடங்குகிறது. சுருக்கத்தை மட்டும் எண்ணும் அளவுகோல் நம்மவரை அளக்கத் தகுந்த கோல் அன்று.

இனி நரை. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அதன் வேரில் நிறம் செய்யும் உயிரணுக்கள் இருந்து, வளரும் மயிருக்குச் சாயம் ஊட்டுகின்றன. அவ்வணுக்களைப் புதிதாக உண்டாக்கும் மூல அணுக்கள் தீர்ந்துபோனால் மயிர் வெளுத்தே முளைக்கிறது. ‘ஐம்பது வயதில், நூற்றுக்கு ஐம்பது பேருக்கு, பாதித் தலை நரைத்திருக்கும்’ என்பது மருத்துவ நூல்களில் வெகுநாளாக வழங்கிவந்த கணக்கு. 2012-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், உலகின் பல பகுதிகளிலும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தலையைப் பார்த்துக் கணக்கெடுத்தனர். ஐம்பது வயதில் பாதிக்குமேல் நரைத்தவர்கள், நாட்டுக்கும் இனத்துக்கும் ஏற்ப, நூற்றுக்கு 6 முதல் 23 பேர் மட்டுமே! 45 வயது முதல் 65 வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு நரை இருந்தது. நூற்றுக்கு 26 பேருக்கு இல்லை. அறுபதை நெருங்கியும் தலை கறுத்திருப்பவரைக் கண்டு ‘மை பூசியிருக்கிறார்’ என்று முடிவுகட்டுவோர் இதைக் கருதுவாராக.

மறுபக்கத்தில், இளநரை. ஆசியாவைச் சேர்ந்தவர்களுக்கு 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்பர் மருத்துவர். குடும்ப வழியே இதற்குப் பெருங்காரணம். பி-12 என்னும் வைட்டமின் குறைவு, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் கோளாறு, புகைபிடித்தல் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. ஜோர்தான் நாட்டில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், புகைபிடிப்போர்க்கு இளநரை இரண்டரை மடங்கு மிகுதி என்று கண்டனர்.

கவலையால் நரைக்குமா என்பது பழைய கேள்வி. சங்கப் புலவர் பிசிராந்தையாரை ‘இத்தனை ஆண்டு ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி?’ என்று கேட்டார்களாம். புறநானூற்றின் 191-ஆம் பாட்டு அதற்கு அவர் சொன்ன விடை. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் நினைத்ததையே தாமும் நினைக்கும் ஏவலர், அல்லாதன செய்யாத அரசன், அடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்குகிறார் புலவர். புலவர் கூற்றுத்தானே என்று நான் எண்ணியிருந்தேன். அண்மைக் கால ஆராய்ச்சி அவர் பக்கம் சிறிது சாய்கிறது. 2020-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார், கடுந்துன்பத்துக்கு ஆளான எலிகளில் நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் ஒரு பொருள் நிறத்தின் மூல அணுக்களை விரைவில் தீர்த்துவிடுவதைக் காட்டினர். 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 14 மனிதர்களின் மயிர்களை எடுத்து, ஒவ்வொரு மயிரிலும் நிறம் எங்கே மாறியிருக்கிறதென்று நுணுக்கமாக அளந்தனர். மயிர் வளரும் வேகம் தெரியுமாதலால், ஒரு மயிரே ஒரு நாட்குறிப்பு ஆகிவிடுகிறது. அதை அவர்களுடைய கவலைக் காலங்களோடு ஒப்பிட்டபோது, ஒருவர் விடுமுறையில் இருந்த நாட்களில் அவருடைய ஐந்து மயிர்கள் வெளுப்பு நீங்கி மறுபடி கறுத்திருந்தன! பதினான்கு பேர் என்பது சிறிய கணக்கு. இதை வைத்துக்கொண்டு விடுமுறை விண்ணப்பம் எழுதிவிட வேண்டாம். முற்றிலும் வெளுத்த தலை இவ்வாறு திரும்பும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. ஆனால் முன்னும் பின்னும் ஓடக்கூடிய ஒரு முள்ளைக் கடிகாரத்தின் முள் என்று எவ்வாறு நம்புவது?

நம் பெங்களூரிலேயே இந்தக் கடிகாரத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பெங்களூர்வாசிகள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றே வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ‘பாரத்’ என்று பெயரிட்ட ஓர் ஆய்வு நடைபெறுகிறது. குருதி முதலியவற்றில் முதுமையின் அடையாளங்களைக் கண்டு, இந்தியருக்கு இயல்பான அளவு எது என்று வகுப்பது அதன் நோக்கம். மருத்துவமனைகளில் இப்போது வழங்கும் இயல்பளவுகள் பெரும்பாலும் மேல்நாட்டாரை அளந்து கண்டவை. அதே வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையத்தார் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தின் கிராமங்களில், 45 வயதுக்கு மேற்பட்ட பதினாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவரத் திட்டமிட்டு வேலை செய்கின்றனர். 2017–18-இல் இந்தியா முழுவதும் 72,000 பேருக்கு மேல் சந்தித்து மத்திய அரசு எடுத்த முதுமைக் கணக்கெடுப்பிலும், கைப்பிடியின் வலிமையை ஒரு கருவியால் அளந்தார்கள். குறித்த தூரம் நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தார்கள். உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அறியப் பிடியும் நடையும் நல்ல சான்றுகள். இவ்வளவு பார்த்தும், பிறந்த ஆண்டை இவையும் சொல்வதில்லை.

பிறந்த ஆண்டுக்கு மிக அண்மையில் செல்லும் முறை ஒன்று உண்டு. உயிரணுவின் மரபுப் பொருளில் வயதுக்கேற்ப ஏறி இறங்கும் வேதிக்குறிகள் 353 இடங்களில் உள்ளதைக் கொண்டு, ஹார்வத் என்னும் அறிஞர் 2013-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். பாதிக்குப் பாதி பேருக்கு அது நாலாண்டுக்குள் பிழையோடு வயதைச் சொல்லிவிடுகிறது. தாலுகா அலுவலகத்துக்கு அது வரப்போவதில்லை. வந்தாலும் 60-ஐயும் 63-ஐயும் பிரித்துக் காட்ட அதற்கும் இயலாது.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன? எலும்புப் பரிசோதனையில் முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு பிழை வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே கூறியது. எலும்பின் முனைகள் இருபத்தைந்து வயதுக்குள் இணைந்துவிடும் ஆதலால், அதற்குமேல் அச்சோதனைக்கும் வலிமை குன்றிவிடும். இளஞ்சிறார் நீதிச் சட்டம் (2015) தன் 94-ஆம் பிரிவில் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று. அது இல்லையேல் நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. நரைக்கும் திரைக்கும் அதில் இடமே இல்லை.

2024 அக்டோபர் 24-இல் வந்த ஒரு தீர்ப்பை நம்மவர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அரியானாவில் ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். பள்ளிச் சான்றின்படி அவருக்கு 45 வயது. ஆதார் அட்டையின்படி 47. அட்டையிலிருந்த தேதி, வேறென்ன, ஜனவரி 1! விபத்து நட்ட ஈட்டில், 41 முதல் 45 வயது வரையுள்ளவரின் ஆண்டு வருமானத்தை 14-ஆல் பெருக்குவர். 46 முதல் 50 வரை என்றால் 13-ஆல். ஆகவே இரண்டு வயது கூடினால் குடும்பத்துக்கு ஓராண்டு வருமானம் நட்டம். உயர் நீதிமன்றம் 13 என்றது. உச்ச நீதிமன்றம், ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது, பள்ளிச் சான்றே கொள்ளத்தக்கது என்று கூறி 14-ஐ நிலைநிறுத்தியது. கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் ஓசூர்ச் சாலையில் நாள்தோறும் போய்வரும் நம் குடும்பங்களுக்கு இது பிறர் கதை அன்று.

இங்கே பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பிறப்பைப் பதிய வேண்டிய இடம், பிறந்த ஊரே. குழந்தை ஆனேக்கலில் பிறந்திருக்க, ‘ஊருக்குப் போகும்போது அங்கே பதிந்துகொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் அங்கே பதியமாட்டார்கள். 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டா. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. 1-10-2023-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஆதாருக்கும் பிற்காலத்தில் அரசு வேலைக்கும் பிறந்த தேதிக்கு இந்த ஒரு சான்றே கேட்கப்படும்.

மூத்தோர்க்கு, அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடமே கடைசித் துணை. ஓராண்டோ ஈராண்டோ படித்து நிறுத்தியவராயினும், சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கக்கூடும். தந்தை பெயர், ஊர்ப்பெயர், படித்த வகுப்பு, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றைக் குறித்துத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பித்து, பதிவின் நகலைக் கேட்கலாம். அந்தப் பதிவேட்டுத் தேதி எப்படி வந்தது என்பது நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். வலக்கையைத் தலைக்குமேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை, எட்டாது. ஐந்தாறு வயதில் கை நீண்டுவிடும், எட்டும். எட்டினால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஐந்து நிறையுமாறு ஒரு தேதியைத் தாமே கணக்கிட்டு எழுதிக்கொள்வார். அந்தத் தேதியைத்தான் இன்று நீதிமன்றம் ஆதாருக்கும் மேலாக மதிக்கிறது.